நான் நேராத நேர்ச்சை

மக்கா,

மே மாதத்தில் எட்டு நாள் லீவு கிடைத்திருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போனில் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கும் முதல் லீவு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற ஜெனிஷாவுக்கு சேர்ந்தாற்போல் இரண்டு நாள் ஓய்வு கிடைப்பதே பெரிய காரியம். இந்த வருடத்துக்கு இது ஒன்றுதான் என்றும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இவளுக்குப் பனி பாக்கணும்ணு ஆசை. மணாலிக்குப் போலாமாண்ணு கேட்டா. நான் நம்ம நேர்ச்சைய சொன்னேன். சரிண்ணுட்டா. அதனால வேளாங்கண்ணிக்கே போவோம். முடி எடுக்க அப்பாவும் வருவாங்கள்லா?" நான் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல மாமி, மாதாவுக்கு உள்ளத முதல்ல குடுத்திருவோம். பனி எங்க போவப்போவுது" என்று சொல்லிச் சிரித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. சில வருடங்கள் நானும் போனில் அதே மாதிரி சிரித்திருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், அல்லது பாதியில் கோபப்படுவாய். எப்படியானாலும் மீதியைக் கேட்கமாட்டாய். எழுதினால் முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காய்ச்சலுக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டதாக நான் சொல்லிவந்தேனே, அப்படி ஒரு நேர்ச்சை கிடையாது. சின்ன வயதில் உனக்கு டைபாய்டு வந்தது உண்மை. பன்னிரண்டு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததும் உண்மை. ஆனால் முடி எடுக்கிறேன், வருடாவருடம் வருகிறேன் என்று நான் மாதாவிடம் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. அந்தப் பயத்தில் எனக்கு நேரக்கூடத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம். பதினைந்து வருடம் ஒளித்துவைத்த விஷயம் நாலு பேருக்குத் தெரியட்டும்.

அது இரண்டாயிரத்து நாலு. நீ ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நம் வீட்டில் லீவு எப்போது என்று யாரும் யோசிக்கவேண்டியதில்லை. ஒரு பக்கம் உன் பரீட்சை, இன்னொரு பக்கம் ஆரல்வாய்மொழிக் காற்று. உன் அப்பா வேலை பார்க்கும் காற்றாலையில் மே மாதப் பாதிக்குமேல் காற்று பிடித்துவிட்டால் ஐப்பசி வரை ஒரு நாள்கூட விடமாட்டார்கள். ஆக, மே மாதத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நாள்தான் நமக்கு. அந்த நாள்களுக்கு எங்கே போவது என்று நான் பங்குனி மாதத்திலேயே நோட்டு போட்டு எழுத ஆரம்பித்துவிடுவேன். உன் பூகோளப் புத்தகத்தையும் அட்லஸையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்த ஊர் எவ்வளவு உயரம், எங்கே என்ன ஆறு, எந்த ரயிலில் எங்கே மாறவேண்டும் என்றெல்லாம் குறித்துவைப்பேன். நீ சிரிக்கிறாய் என்று தெரிகிறது. நான் ஏழாம் வகுப்பில் படிக்கும்போது 'நான் சென்ற சுற்றுலா' என்று மைசூரைப் பற்றிக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினேன். அரண்மனையில் எத்தனை விளக்கு எரியும் என்பதுவரை எழுதியிருந்தேன். அதுவரை நான் நாகர்கோவிலைத் தாண்டிப் போனதே இல்லை. எல்லாம் நூலகத்துப் புத்தகம். அந்தக் கட்டுரையை ஒரு நாளாவது உண்மையாக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. உனக்கு வேறு ஆசை இருந்தது. "கடல் இல்லாத ஊருக்குப் போணும்மா. இங்கயும் கடல், அத்தை வீட்டுக்குப் போனாலும் கடல்" என்பாய். இரண்டு ஆசைக்கும் மைசூர் பொருந்தியது. நோட்டில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று வருடமும் நாம் போனது திருவனந்தபுரத்தில் உன் அத்தை வீட்டுக்கு. அப்பாவுக்கு மூத்த அக்கா, அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அவர் கூப்பிட்டால் அப்பாவுக்கு மறுக்க வாய் வராது. உனக்கு அந்த லீவுகள் நல்ல ஞாபகமாக இருக்கும். மிருகக்காட்சி சாலை, சங்குமுகம் கடற்கரை, அத்தை பிள்ளைகளோடு கேரம் விளையாட்டு. நான் பார்த்த திருவனந்தபுரம் அத்தை வீட்டு அடுக்களை ஜன்னல். அதற்கு வெளியே ஒரு மதில், மதிலுக்கு மேலே ஒரு பப்பாளி மரத்தின் பாதி. பதினொரு பேருக்குச் சமையல். அத்தை மீன் வெட்டுவார், நான் மரச்சீனிக் கிழங்கு உரிப்பேன். ஒரு கதைப் புத்தகம் கொண்டுபோனேன், பத்து நாளில் மூன்று பக்கம் வாசித்தேன். அத்தையை நான் குறை சொல்லவில்லை. அவர் என்னை உட்காரச் சொல்வார். நாத்தனார், அதுவும் மூத்த மைனி, நின்றுகொண்டிருக்கும்போது நான் எப்படி உட்காருவது?

அந்த வருடம் சித்திரை பிறந்த மறுநாள் போன் வந்தது. அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். "ஏட்டி, ஒண்ணாம் தேதியே வந்திருங்க. இந்தத் தடவ பதினஞ்சு நாளாவது நிக்கணும், கேட்டியா?" என்றார் அத்தை. அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரி மைனி என்ற வார்த்தை என் தொண்டைவரை வந்தது. மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது. மைசூருக்குப் போகிறோம் என்று சொல்ல முடியாது. அக்கா கூப்பிட்டும் வராமல் ஊர் சுற்றப் போனார்கள் என்று ஆகிவிடும். அப்பா அதைத் தாங்கமாட்டார். என் வாயிலிருந்து வந்தது இதுதான். "இல்ல மைனி, இந்த வருசம் முடியாது. வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்ச உண்டு."

"என்ன நேர்ச்ச?" என்றார் அத்தை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்பம் நேர்ந்தது. முடி எடுக்கணும்."

"பிள்ளைக்கு மட்டுமா?"

"அவனுக்கும் அவன் அப்பாவுக்கும்." பக்கத்தில் நின்ற அப்பாவின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அப்போது அவருக்கு எவ்வளவு முடி!

"எத்தன வருசத்துக்கு?"

அங்கேதான் நான் நின்றிருக்கவேண்டும். ஒரு வருடம் என்று சொன்னால் அடுத்த சித்திரையில் மறுபடியும் போன் வரும். "அவன் கல்யாணம் முடிஞ்சு பெஞ்சாதியோட வந்து நிறைவேத்தது வரைக்கும், வருசா வருசம்" என்றேன். பத்து வயதுப் பையனின் கல்யாணம் எனக்கு அன்றைக்கு அட்லஸில் இல்லாத தூரத்தில் இருந்தது.

"அம்மாடி! பெரிய நேர்ச்சல்லா. அத முடக்கப்பிடாது, கேட்டியா" என்று அத்தை வைத்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே பிள்ளே" என்றார். "நேர்ந்தத வெளிய சொல்லப்பிடாதுல்லா" என்று ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்யை வைத்தேன். வேளாங்கண்ணிக்கு இரண்டு நாள் போய்விட்டு அங்கிருந்து அப்படியே மைசூருக்குப் போய்விடலாம் என்பதுதான் என் திட்டம். தைரியமாக அதைச் சொன்னேன். அப்பா நோட்டை வாங்கி மூடினார். "நேர்ச்சைக்குப் போறவங்க போற வழியிலயும் வாற வழியிலயும் வேற எங்கயும் தங்கப்பிடாது. நேரா வீட்டுக்குத்தான் வரணும். எங்க அம்ம சொல்லுவா." இப்படி நானே வெட்டிய குழியில் நானே மூடியையும் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினைந்து மே மாதம். விடியற்காலையில் வடசேரியில் பஸ் ஏறுவோம். ஆரல்வாய்மொழி தாண்டும்போது அப்பா ஜன்னல் வழியாகத் தன்னுடைய காற்றாடிகளைக் காட்டி எது ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார். நீ சாயல்குடி வருமுன்பே கட்டுச்சோற்றைப் பிரிக்கச் சொல்வாய். அந்தப் பயணங்கள் எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி நீயும் அப்பாவும் கடற்கரை மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரே பானையை இரண்டு அளவில் செய்துவைத்த மாதிரி இருக்கும். அங்கேயும் கடல்தான். நீ ஒரு முறைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. நேர்ச்சை என்று சொல்லிவிட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அத்தையின் வாயை அடைக்கத்தான் நான் அதை எடுத்தேன். அது உன் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது என்பது எனக்குப் புரிய ஆறு வருடம் ஆயிற்று.

ஆறு வருடம் கழிந்து வந்த அந்த மே மாதத்தைப் பற்றித்தான் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். நீ பிளஸ் ஒன் முடித்திருந்தாய். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பில் நீ ஒருவன் மட்டும் முள்முள்ளான தலையோடு உட்கார்ந்திருப்பாய் என்பதும், பையன்கள் பின்னாலிருந்து தட்டிவிட்டுப் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வருடம் முடியை நெற்றியில் விழும்படி வளர்த்து, கண்ணாடிமுன் நெடுநேரம் நிற்க ஆரம்பித்திருந்தாய். கிளம்புவதற்கு முந்தின நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து கட்டிலில் உட்கார்ந்தாய். "அம்மா, இந்த ஒரு வருசம் மட்டும் அப்பாவுக்கு எடுத்தா போராதா? அடுத்த வருசம் நான் உறுதியா எடுக்கேன். நீ மாதாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றாய். நீ சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. மாதாவிடம் எனக்குப் பேச்சுவார்த்தை உண்டு என்று நம்பிக் கேட்டாய். அப்போதே சொல்லியிருக்கலாம். சரி மக்கா, கேட்டுவிட்டேன், மாதா சம்மதித்துவிட்டாள் என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். "நேர்ச்ச உனக்கு விளையாட்டா?" என்று சத்தம் போட்டேன். பொய்யைக் காப்பாற்றுகிறவர்களுக்குத்தான் அவ்வளவு கோபம் வரும். வேளாங்கண்ணியில் நீ போய் உட்கார்ந்தாய். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் ஊற்றிக் கத்தியை எடுத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். "என்ன தம்பி, கண்ணு எரியுதா?" என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாய். அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். நான் வேறு பக்கம் திரும்பி வரிசையில் நிற்கிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சொல்லுவதற்குத் தைரியம் இன்னும் குறைந்தது. உனக்குச் சளி பிடித்தால்கூட, மாதா பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு வந்தது என்று பயப்படுவேன். ஒரு வருடம் போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்று, நேராத நேர்ச்சையை நேர்ந்தவர்களைவிட ஒழுங்காகச் செய்தேன். நீ பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும், புது ஆபீஸில் மொட்டைத் தலையோடு போய் நிற்கவேண்டுமே என்று தெரிந்தும், மே மாதம் வந்துவிடு என்று போன் செய்தேன். நீயும் வந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை ஜெனிஷா சிரித்ததும்தான் இது இன்னொரு வீட்டுக்குள்ளும் நுழைகிறது என்று எனக்கு உறைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் கோவிலுக்குப் போய் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நம் புதுச் சாமியாருக்கு உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேராமலே பதினஞ்சு வருசம் போனீங்களா அம்மா? நேர்ந்தவங்களே அடுத்த வருசம் மறந்திருதாங்க" என்றார். சிரிப்பை அடக்குகிறார் என்று குரலில் தெரிந்தது. "பாவமில்லியா ஃபாதர்?" என்றேன். "பொய் பாவம்தான். மாதாகிட்ட மன்னிப்பு கேட்டாச்சு, சரி. ஆனா முடி யாருக்கதும்மா?" என்றார். அவ்வளவுதான். முடி உன்னுடையது, உன்னிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எனக்குப் புரிந்தது. பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பதினைந்து வருடத்துக்கு மூன்று. நான் முப்பது சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னேன். வேலைக்குக் கிளம்பி ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். "அப்பம் நேர்ச்சையே இல்லியா?" என்றார். "இல்ல" என்றேன். ஹெல்மெட்டைப் போட்டார், கழற்றினார், வழுக்கைத் தலையைத் தடவினார். "பதினஞ்சு மொட்ட, பிள்ளே! முடி இருந்த காலத்துல முழுக்க எடுத்துட்டு, இப்பம் எடுக்கதுக்கு ஒண்ணும் இல்லாதப்பம் சொல்லுதா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சனிக்கிழமை தட்டுமுன் உட்கார்ந்தவர், "ஒண்ணு கேக்கேன். என்னையும் ஏன் சேத்த? அவனுக்கு மட்டும்ணு சொன்னா போராதா?" என்றார். "அவன் மட்டும் மொட்டையா இருந்தா சங்கடப்படுவான்லா. கூட ஒரு ஆளு வேணும்லா" என்றேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பார், சோறு புரையேறி நான் முதுகில் தட்டவேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அந்தத் தைரியத்தில் அன்றைக்கே அத்தைக்கும் போன் செய்தேன். எழுபது வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. ஒரு பாவத்தை உரத்த குரலில் இரண்டு தடவை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"இத அப்பமே சொல்லப்பிடாதாட்டி?" என்றார். "நீங்க வாறீங்கண்ணா ஒரு மாசத்துக்கு முன்னயே எனக்குத் தலவலி வந்திரும். பதினோரு பேருக்குப் பாய் எங்க, தலவாணி எங்க? கூப்பிடல்லேண்ணா தம்பி பெஞ்சாதி வருத்தப்படுவாளேண்ணுதான் கூப்பிட்டேன். நீ நேர்ச்சைண்ணு சொன்னேல்லா, அண்ணைக்குச் சாயங்காலம் நான் கோவில்ல போயி மெழுகுதிரி கொளுத்தினேன்."

"எதுக்கு மைனி?"

"எதுக்கா? நன்றிக்கு!"

நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் சிரித்தோம் என்று தெரியவில்லை. அவர் வருந்துவார் என்று நான் போனேன், நான் வருந்துவேன் என்று அவர் கூப்பிட்டார். ஒரே அடுக்களையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மூன்று வருடம் இருவரும் மற்றவரின் ஆசையை நிறைவேற்றிக்கொண்டிருந்தோம். ஒருத்தியாவது ஒரு தடவை கேட்டிருந்தால், அந்த முன்முடியை நீ நெற்றியில் விட்டுக்கொண்டே பிளஸ் டூவுக்குப் போயிருப்பாய்.

அதற்காக என்னை மன்னித்துவிடு மக்கா. உடனே வேண்டாம். அப்பாவுக்கு இரண்டு நாள் ஆயிற்று, நீ எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

நீங்கள் இரண்டு பேரும் இந்த மே மாதம் வேளாங்கண்ணிக்குப் போகவேண்டியதில்லை. என்றைக்காவது போகவேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் போங்கள், தலைமுடியோடு போய் தலைமுடியோடு வாருங்கள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டாய், இனி டிக்கெட் எடுக்கிறதுதான் பாக்கி என்றாய். எடுப்பதற்குமுன் அவளிடம் மறுபடியும் கேள். முதலில் அவள் 'உங்க இஷ்டம்' என்பாள். அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை, மூன்று வருடம் நானும் அதைத்தான் சொன்னேன். இரண்டாவது தடவை கேட்டால், 'மாமிக்குச் சங்கடமா இருக்காதா' என்பாள். இருக்காது என்று சொல், வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் கையில் கொடு. அப்புறமும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். அந்த நேரத்தில் போனைப் பார்க்காதே, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகாதே, நீயாக ஒரு ஊர் பெயரைச் சொல்லி உதவி செய்யாதே. அப்படியே உட்கார்ந்திரு. அவள் சொல்வாள்.

உன் அம்மா